பட்டன் இருந்தால் போதுமா?

டயர் கடையில் நிற்பவரைக் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் எடுத்துப் போடும் புது டயரின் பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு ஆழம் பார்ப்பார். "பட்டன் நல்லா இருக்குல்ல?" என்பார். பிறகு விலை கேட்பார். கடலூரானாலும் சிதம்பரமானாலும் இதுதான் நடைமுறை. பட்டன் இருந்தால் டயர் பிடிக்கும், பட்டன் தேய்ந்தால் வண்டி வாரும் என்பதுதான் டயரைப் பற்றி நாம் வைத்திருக்கும் மொத்த ஞானம்.

அதில் பாதிதான் உண்மை. காய்ந்த தார்ச்சாலையில் மிக நன்றாகப் பிடிப்பது பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்தான். பந்தய மோட்டார்சைக்கிள்கள் வெயில் நாளில் அப்படிப்பட்ட டயரோடுதான் ஓடுகின்றன. பள்ளம் எதையும் பிடிப்பதில்லை. தண்ணீர் வெளியேற அது ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். பிடிப்பது ரப்பர். அதற்காக மொட்டை டயரோடு கிளம்பிவிடாதீர்கள். தேய்ந்து மொட்டையான டயரும் பந்தய டயரும் ஒன்றல்ல. ஏன் என்று பார்க்க, முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

100 சிசி வண்டி ஒன்றின் எடை 112 கிலோ. ஓட்டுபவர் 73 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 185. ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரத்திலும் மீதி முன் சக்கரத்திலும் விழுகிறது. முன் டயரில் 25 பி.எஸ்.ஐ. காற்று, பின் டயரில் 28. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும்: முன்னால் சுமார் 42 சதுர சென்டிமீட்டர், பின்னால் 56. இரண்டும் சேர்ந்து 100-க்கும் குறைவு. ஓர் அஞ்சலட்டை இதைவிடப் பெரியது. திருப்பாதிரிப்புலியூரில் கிளம்பி சிதம்பரம் கீழ வீதியில் இறங்கும் வரை, வளைவதும் நிற்பதும் இந்த அட்டையளவு ரப்பரை நம்பித்தான்.

பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதி நினைவிருக்கலாம்: உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல. 1699-இல் பிரான்சின் அமோன்டோன் சொன்னது. மரத்துக்கும் இரும்புக்கும் ஏறக்குறையச் சரியாக வரும். ரப்பர் இந்த விதிக்குக் கட்டுப்படாது. ஒரே எடையை அதிகப் பரப்பில் பரப்பினால் ரப்பரின் பிடிப்பு கூடும். வெப்பம் மாறினால் மாறும், சறுக்கும் வேகம் மாறினாலும் மாறும். பிடிப்பு, வெப்பம், சறுக்கும் வேகம் மூன்றுக்கும் உள்ள உறவைத் தெளிவாக அளந்து காட்டியவர் குரோஷ் என்ற ஆய்வாளர். அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 1963-இல்தான். டயர் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1888-இல் டன்லப் கையில், ஓடத் தொடங்கிவிட்டது.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது? இரண்டு வழிகளில். ஒன்று ஒட்டுதல். ரப்பர் மிருதுவானதால் ஜல்லியின் மேற்பரப்போடு மூலக்கூறு அளவுக்கு நெருங்கிவிடுகிறது. நெருங்கிய இடத்தில் ஒட்டுகிறது, இழுத்தால் பிய்கிறது, மறுபடி ஒட்டுகிறது. காய்ந்த சாலையில் இந்த வேலை பலமாக நடக்கும். தண்ணீர்ப் படலம் நடுவே வந்துவிட்டால் ஒட்டுதல் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது வழி தண்ணீரிலும் வேலை செய்கிறது. தாரில் பதிந்திருக்கும் ஒரு ஜல்லியின் முனையை எண்ணிக்கொள்ளுங்கள். ரப்பர் அதன் மேல் ஏறும்போது அமுங்குகிறது, அமுங்குவதால் முனை ரப்பரைத் தடுக்கிறது. தாண்டியதும் ரப்பர் சட்டென்று பழைய வடிவத்துக்கு வந்தால், முனையின் பின்பக்கத்தைத் தள்ளி அந்தத் தடையை ஈடுகட்டிவிடும். மந்தமாகத் திரும்பும் ரப்பர் அப்படித் தள்ளுவதில்லை. வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக விழுங்கிவிடுகிறது. மிஞ்சிய தடைதான் நமக்குப் பிடிப்பு. கேம்பிரிட்ஜில் கிரீன்வுட்டும் டேபரும் 1958-இல் இதைக் காட்டினார்கள். ரப்பரின் மேல் மசகு தடவி, கடினமான குண்டையும் கூம்பையும் இழுத்தார்கள். ஒட்டுதலுக்கு இடமே இல்லாத அந்த நிலையிலும் உராய்வு இருந்தது. ரப்பர் விழுங்கிய ஆற்றலைக் கொண்டே அதைக் கணக்கிடவும் முடிந்தது.

ஆக, மழையில் வண்டியைக் காப்பாற்றுவது மந்தமான, ஆற்றல் விழுங்கும் ரப்பர். ஆனால் எல்லா ரப்பரும் அப்படி விழுங்கினால் என்ன ஆகும்? டயர் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நிமிர்கிறது. அந்த ஆற்றலும் போகும், பெட்ரோல் குடிக்கும், டயர் சூடேறும். மைலேஜ் வேண்டும் என்று துள்ளலான ரப்பரைப் போட்டால் ஈரத்தில் வழுக்கும். டயர்த் தொழிலின் பழைய இக்கட்டு இது. கடைக்காரர்கள் இதையே 'மைலேஜ் டயர்', 'கிரிப் டயர்' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

இந்த இக்கட்டிலிருந்து தப்பிய விதம்தான் டயர் அறிவியலில் எனக்குப் பிடித்த பகுதி. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 18 அங்குலச் சக்கரம் நொடிக்கு ஒன்பது முறைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. அதாவது உருளுவதால் ரப்பர் அமுங்கி நிமிர்வது நொடிக்கு ஒன்பது தடவை. பிரேக் பிடித்துச் சறுக்கத் தொடங்கும்போதோ, ரப்பர் ஜல்லியின் நுண்ணிய முனைகள்மேல் ஓடுகிறது. முனைகளுக்கு இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி, சறுக்கும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்றால், நொடிக்குப் பத்தாயிரம் அமுக்கல். முனைகள் இன்னும் நுணுக்கமானால் லட்சம். ஒன்பது தடவைக்குத் துள்ளலாகவும் பத்தாயிரம் தடவைக்கு மந்தமாகவும் இருக்கும் ரப்பர் கிடைத்தால் இரண்டும் நிறைவேறும். அப்படி ஒரு ரப்பரைச் செய்ய முடிந்தது.

டயர் கறுப்பாக இருப்பது அதில் கலக்கும் கார்பன் கரியால். அது ரப்பருக்கு வலு தருகிறது. 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் அந்தக் கரியின் பெரும்பகுதிக்குப் பதில் சிலிக்காவைப் போட்டு, ரப்பரோடு பிணைய சிலேன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, கார் டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைந்தது, ஈரப்பிடிப்பும் கெடவில்லை. இன்று நல்ல மோட்டார்சைக்கிள் டயர்களிலும் சிலிக்கா உண்டு. விளம்பரத் தாளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடிப்பார்க்கலாம்.

சிலிக்கா வேறொன்றுமில்லை, மணலில் இருப்பதுதான். நெல் பயிரும் மண்ணிலிருந்து அதை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உமிச்சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவை டயரில் சேர்க்கப்போவதாக குட்இயர் நிறுவனம் 2014-இல் அறிவித்தது, பிறகு சேர்க்கவும் தொடங்கியது. புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து அரிசி ஆலைகளின் பின்புறம் குவியும் உமியைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். சாலையில் காயப் போட்ட நெல்லில் வண்டி வாருகிறது. அதே நெல்லின் உமி, வாராத டயருக்கு மூலப்பொருளாகிறது.

மழைக்கு வருவோம். சாலை நனைந்தாலே பிடிப்பு குறைகிறது, வண்டி தண்ணீரில் மிதக்காவிட்டாலும். ஏன் என்பதற்கு 2004-இல் போ பெர்சனும் சக ஆய்வாளர்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். சாலையின் குட்டிக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. மேலே வரும் ரப்பர் குழியின் வாயை அடைத்துவிடுகிறது. தண்ணீர் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ரப்பர் இறங்கி அமுங்க வேண்டிய குழி நிரம்பிக் கிடப்பதால், கரடான சாலை வழவழப்பானது போல் ஆகிவிடுகிறது. மெதுவாகச் சறுக்கும் நிலையிலேயே பிடிப்பு 20 முதல் 30 சதவீதம் குறைய இது ஒன்றே போதும்.

வேகம் கூடினால் பிரச்சினை வேறு. தண்ணீர் ஒதுங்க நேரம் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் ஒரு புள்ளி சாலையைத் தொட்டு நிற்பது ஒரு நொடியை ஆயிரமாக்கினால் அதில் ஆறு பங்கு நேரம். சாலையில் 2 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, தொடும் பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர் என்றால், டயர் நொடிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். பட்டனுக்கு இங்கேதான் வேலை. ஒதுக்க முடியாதபோது டயர் தண்ணீரின் மேல் ஏறிவிடும்.

எந்த வேகத்தில் ஏறும்? அமெரிக்க நாசாவின் வால்டர் ஹோர்ன் 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு எளிய வாய்பாடு கண்டார். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் வரும், கிலோமீட்டருக்கு 16.7-ஆல் பெருக்க வேண்டும். 36 பி.எஸ்.ஐ. இருந்தால் மணிக்கு 100 கிலோமீட்டர். 25 என்றால் 83. கவனிக்காமல் விட்டு 16-க்கு இறங்கியிருந்தால் 67. மோட்டார்சைக்கிள் டயரின் நடு உருண்டையாக இருப்பதால் தண்ணீரை இருபுறமும் பிளந்துவிடும், அதனால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது; வண்டி மிதக்க இன்னும் அதிக வேகம் வேண்டும். ஆனால் வாய்பாடு சொல்லும் விஷயம் மாறாது: காற்று குறையக் குறைய மிதக்கும் வேகமும் குறையும்.

இது எங்கோ நடக்கும் விஷயமாக இருந்தது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் நான்கு வழிச் சாலை வந்த பிறகு கடலூர்–சிதம்பரம் ஓட்டத்தின் குணமே மாறிவிட்டது. கொத்தட்டையில் சுங்கச்சாவடி, நெடுகிலும் நேர்கோடு. முன்பு ஆலப்பாக்கத்திலும் புதுச்சத்திரத்திலும் ஊருக்குள் நுழைந்து 40-இல் போனவர் இப்போது 80-இல் போகிறார். நேர்கோட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நம் கடலூர் மாவட்டம் தட்டை. சாலையில் மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. டயரின் நடு மட்டும் சாலையைத் தொட்டுத் தொட்டுத் தேய்கிறது. இரண்டு வருடம் நெடுஞ்சாலையில் ஓடிய பின் டயரைக் குனிந்து பின்னாலிருந்து பாருங்கள்: ஓரங்களில் பட்டன் புதிதுபோல் இருக்கும், நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையாகச் சீவியிருக்கும். தண்ணீரைப் பிளக்கும் உருண்டை போயிற்று. வளைவில் சாய்த்தால் தட்டையின் விளிம்பில் ஏறி இறங்குவது இடுப்புக்கே தெரியும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும் என்கின்றன, காருக்கு 1.6. பள்ளத்தின் அடியில் குட்டி மேடு ஒன்று வார்த்திருப்பார்கள், டயர் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் மாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் அந்த மேடு வரை காத்திருப்பது சரியல்ல என்பது என் கருத்து. ஐப்பசிக்குள் தேய்ந்துவிடும் என்று தெரிந்தால் புரட்டாசியிலேயே மாற்றிவிடலாம். 2015 நவம்பர், 2024 டிசம்பர் போன்ற வெள்ள நாட்களுக்கு எந்த டயரும் கிடையாது. அன்று வீட்டில் இருப்பதுதான் வழி.

நம் சாலையில் வழுக்குவது தண்ணீர் மட்டுமா? தை, மாசியில் நெல். பங்குனி, சித்திரையில் உளுந்து: செடியோடு பிடுங்கிவந்து சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி அடித்துக் கொடுக்கட்டும் என்று விடுவார்கள். களம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவார் என்பதும் நியாயமான கேள்விதான். நெய்வேலிப் பக்கம் சாம்பல் லாரி சிந்திய பொடி, தூறல் பட்டால் குழம்பாகிவிடும். துறைமுகத்திலிருந்து வரும் மீன் வண்டியின் ஐஸ் தண்ணீர், தேவனாம்பட்டினம் கடற்கரையில் காற்று கொண்டுவந்து போடும் மணல், வெள்ளை வர்ணம் அடித்த கோடுகள், ரயில்வே கேட்டின் தண்டவாளம். கோடை முழுக்கப் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் ஊறி வரும் அரைமணி நேரம் இன்னொன்று. நல்ல மழை அடித்துக் கழுவிய பிறகு சாலை கொஞ்சம் தேவலாம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று இயற்பியல் கணக்குப் போடலாம். உராய்வுக் கெழு காய்ந்த சாலையில் 0.8 என்றால் 18 மீட்டர். நனைந்து 0.5 ஆனால் 28. தானியமோ மணலோ கிடந்து 0.2-க்கு இறங்கினால் 71 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடிவிடும் 17 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. முதல் இரண்டு எண்களை நல்ல டயர் மாற்றும். மூன்றாவதை எந்த டயரும் மாற்றாது, ஏனென்றால் அங்கே ரப்பர் சாலையைத் தொடவே இல்லை, உருளும் மணிகளைத்தான் தொடுகிறது. அங்கே பிரேக்கைத் தொடாமல், சாய்க்காமல், ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு நேராகக் கடப்பதுதான் உபாயம்.

சரி, எதை வாங்குவது? பஞ்சர் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சிலிருந்து தொடங்கலாம்.

"அண்ணே, பின்னாடி மட்டும் மாத்துங்க. முன்னாடி பட்டன் அப்படியே இருக்கு."

"வண்டி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?"

"எட்டு வருஷம்."

முன் டயர் மெதுவாகத் தேயும், அதனால் அதை யாரும் மாற்றுவதில்லை. ஆனால் பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகிறது. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்குகின்றன; ரப்பர் இறுகுகிறது, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் வரும், நகத்தால் அழுத்தினால் தடம் பதியாது. இறுகிய ரப்பர் ஜல்லிமுனையில் அமுங்காது. அமுங்காவிட்டால் மேலே சொன்ன இரண்டு வழிப் பிடிப்பும் குறையும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பாலான வேலையைச் செய்வது இந்த முன் டயர்தான். பின் சக்கரம் வாரினால் பல நேரம் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வாரினால் விழுந்த பிறகுதான் தெரியும்.

டயரின் வயதை அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். கடையில் புதிதாக வாங்கும்போதும் இதைப் பாருங்கள். அலமாரியில் மூன்று வருடம் தூங்கிய டயரைப் புது விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அதே பக்கவாட்டில் 80/100-18 47 பி என்பது போல ஒரு வரி இருக்கும். 80 மில்லிமீட்டர் அகலம், உயரம் அதில் நூறு சதவீதம், ரிம் 18 அங்குலம். 47 என்பது 175 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு, பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. பின் டயருக்கு இந்தக் குறியீடு 54, அதாவது 212 கிலோ. குடும்பத்தோடு நடராஜர் கோயிலுக்குப் போகிறவர் இந்த எண்ணைக் குறைத்து வாங்கிவிடக் கூடாது.

அண்ணாமலைநகரில் மாணவர்களின் வண்டிகளைப் பார்த்தால் பலதில் கம்பெனி போட்டதைவிடத் தடியான பின் டயர் இருக்கும். பார்க்கக் கம்பீரம்தான். குறுகிய ரிம்மில் தடித்த டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, நடு கூம்பிவிடும். தொடும் பரப்பின் வடிவம் கெடும், வண்டி திரும்பக் கனக்கும். காசு கொடுத்துப் பிடிப்பைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. மண்பாதைக்கான பெரிய பட்டன் டயரும் அப்படித்தான்: கட்டைகளுக்கு நடுவே வெற்றிடம் அதிகம், தாரைத் தொடும் ரப்பர் குறைவு, ஈரத்தில் கட்டைகள் நெளியும். கொல்லைக்கும் வயலுக்கும் தினம் போகிறவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு அளவான பள்ளங்களோடு இரண்டு சக்கரத்துக்கும் ஒரே குடும்பத்துச் சாலை டயர் போதும்.

ஐரோப்பாவில் கார் டயர்களுக்கு ஈரப்பிடிப்புத் தரத்தை எழுத்தாகவே ஒட்டுகிறார்கள். மோட்டார்சைக்கிள் டயருக்கு அங்கேயும் அது இல்லை. எனவே நாம் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் சரியான கேள்வியை. "எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?" என்பதற்கு முன்னால் "மழையில் எப்படி?" என்று கேளுங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்த ரப்பர் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புது டயர் போட்டதும் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், மேற்பரப்பின் வழவழப்பு போகட்டும். சிதம்பரம் ஒரு முறை போய்த் திரும்பினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வாட்டர் சர்வீஸ் கடையில் டயருக்குப் பாலிஷ் அடிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாலையைத் தொடும் இடத்தில் அது பட்டால் கெடுதல்.

காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். 30 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. இருந்த டயர் கத்திரி வெயிலில் ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் 32 காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை 24-இல் நிற்பீர்கள். பத்து நாளைக்கு ஒரு முறை போதும். பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். முன் டயரை மறக்காதீர்கள்.